பழைய பத்மினியின் ஸ்பிரிங்கை இனங்கண்டு உயரம் சரிசெய்யும் முறை

பிரீமியர் பத்மினி கார் ஒன்றை இன்று வாங்குகிறவர், அதனுடன் ஆலையில் பூட்டிய ஸ்பிரிங்குகளும் சேர்ந்து வரும் என்று எதிர்பார்க்க இயலாது. மும்பை குர்லாவில் இந்த வண்டியின் உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு உரிமையாளரும் தமக்குத் தோன்றியபடி எதையாவது மாற்றியிருப்பார். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் ஏற்றிய வண்டி என்றால் பின்னால் ஒரு பிளேட் கூடுதலாக இருக்கும். வண்டி தாழ்ந்து நின்றால் அழகு என்று நினைத்தவரிடமிருந்து வந்தது என்றால் முன் காயிலில் ஒரு சுற்று குறைந்திருக்கும். வேகத்தடைக்குப் பயந்தவரிடமிருந்து வந்தது என்றால் சுற்றுகளுக்கு இடையே ரப்பர் வளையம் செருகப்பட்டிருக்கும். ஆகவே கடையில் புது ஸ்பிரிங் கேட்பதற்கு முன்பாக, இப்போது வண்டியில் இருப்பது என்ன என்பதை அளந்து அறிவதே முதல் வேலை.

கீழே சொல்லப்படுவது முன்னால் காயில் ஸ்பிரிங்கும் பின்னால் பிளேட் ஸ்பிரிங்கும் கொண்ட பத்மினியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பழைய அம்பாசிடரின் முன்பக்கத்தில் காயில் கிடையாது. அங்கே முறுக்குக் கம்பிதான் வேலை செய்கிறது என்பதால், அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் பின்பக்கப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டியவை

வண்டியைச் சமமான தரையில் நிறுத்த வேண்டும். வீட்டு முற்றம் பெரும்பாலும் மழைநீர் வடிவதற்காகச் சரித்துக் கட்டப்பட்டிருக்கும். அதைவிட பெட்ரோல் பங்கின் தளமோ மண்டபத்தின் தரையோ மேல். நான்கு டயர்களிலும் காற்றழுத்தம் சரியாக இருக்கட்டும். டிக்கியில் கிடக்கும் பொருள்களை இறக்கிவிட்டு, வண்டியை ஒரு முறை முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலைகளையும் அழுத்திவிட்ட பிறகே அளக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் எடுக்கும் அளவு பொய் சொல்லும், ஏனெனில் சக்கரங்கள் உள்வாங்கி நிற்கையில் டயரின் பக்கவாட்டுப் பிடிப்பே வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

தரையிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளப்பது பலருடைய வழக்கம். ஆலை தந்த டயருக்குப் பதில் வேறு அளவு ரேடியல் டயர் போட்டிருந்தால் அந்த எண் உதவாது. சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே உள்ள மட்கார்டு விளிம்புவரை அளந்தால் டயரின் அளவு கணக்கில் நுழையாது. நான்கு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளவும். இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ. வரை வேறுபாடு இருந்தால் இத்தனை வயதான வண்டியில் நான் அதைப் பொருட்படுத்த மாட்டேன்.

முன் இடது மூலை தாழ்ந்திருக்கிறது என்பதனாலேயே முன் இடது ஸ்பிரிங்தான் குற்றவாளி என்று முடிவு செய்துவிடக் கூடாது. நான்கு கால் மேசையில் ஒரு கால் நீண்டால் எதிர்மூலை ஆடுவதுபோல, பின் வலது பிளேட் தூக்கிப் பிடித்தாலும் முன் இடது தாழும். இதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. பின் அச்சின் நடுவில், டிஃபரென்ஷியல் உறையின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, ஜாக்கியால் பின் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டுச் சற்றே எழும் அளவுக்குத் தூக்கவும். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்திருக்க வேண்டும். இந்த நிலையில் யாரும் அடியில் நுழையக் கூடாது. பின்புறம் இப்போது ஒரே புள்ளியில் நிற்பதால், முன்பக்கத்தை அது சாய்க்க முடியாது. முன் இரு மூலைகளும் சமமாகிவிட்டால் பழுது பின்னால் இருக்கிறது. அப்படியும் முன்பக்கம் சாய்ந்தே நின்றால் காயிலைப் பார்க்க வேண்டும். பின்பக்கத்துக்காக இதையே முன் குறுக்குச் சட்டத்தின் நடுவிலும் செய்து பார்க்கலாம்.

வண்டி தாழ்ந்ததற்கு ஷாக் அப்சார்பரைக் குறை சொல்லி இரண்டையும் மாற்றிவிடுகிற பட்டறைகள் உண்டு. ஷாக் அப்சார்பர் அசைவை அடக்குகிறது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங் மட்டுமே. புது ஷாக் போட்டால் ஆட்டம் குறையும், உயரம் ஏறாது.

காயிலைக் கழற்றும்போது

ஒரு காயில் மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் விறைப்பு (அதாவது ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான விசை) உடையது என்றும், அது 100 மி.மீ. அமுங்கியிருக்கிறது என்றும் கொண்டால், அது ஏறக்குறைய 400 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளிக்கொண்டிருக்கிறது. அதற்குள் அடைபட்ட ஆற்றல், 10 கிலோ இரும்பை 2 மீட்டர் உயரத்திலிருந்து தலைமேல் போடுவதற்கு நிகரானது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல், கயிற்றைக் கட்டியும் கடப்பாரையை வைத்தும் இந்த வேலையில் இறங்கக் கூடாது. கம்ப்ரஸரின் கொக்கிகள் எதிரெதிரே இருக்க வேண்டும். இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். வண்டியின் உடல் ஜாக்கியின் மேல் அல்லாமல் ஸ்டாண்டின் மேல் அமர்ந்திருக்க வேண்டும். கம்ப்ரஸர் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கருவி உள்ள பட்டறையில் கொடுத்துக் கழற்றிவிட்டு, அளக்கும் வேலையை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

கழற்றும் முன்பே, காயிலின் முனை இருக்கையில் எந்த இடத்தில் முட்டி நின்றது என்பதைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொள்ளவும். மேலே ரப்பர் இருக்கை இருந்ததா, தகடு ஏதேனும் பேக்கிங்காக வைக்கப்பட்டிருந்ததா, இடதிலும் வலதிலும் அது ஒரே தடிமனா என்பதும் இப்போதுதான் தெரியவரும். ஒரு பக்கம் மட்டும் பேக்கிங் இருந்தால், முன்பு யாரோ சாய்வை மறைக்கப் பார்த்திருக்கிறார் என்று பொருள்.

இந்தக் காயில் என்ன காயில்?

நிறத்தை நம்பக் கூடாது. ஆலைகள் ஸ்பிரிங்கில் இடும் சிறு வண்ணக்கோட்டுக்கு அந்தந்த ஆலையின் அட்டவணையில் பொருள் உண்டு. அட்டவணை கையில் இல்லாதவருக்கு அது வெறும் பெயின்ட். உதிரிபாகக் கடையில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ முழுதும் வண்ணமடித்து விற்கப்படுவது, செய்தவரின் விருப்ப நிறமேயன்றி விறைப்பின் அறிகுறி அன்று. முத்திரை எண்ணோ ஒட்டுச்சீட்டோ இருந்தால் படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உண்மையைச் சொல்வன நான்கு அளவுகளே: கம்பியின் தடிமன், சுற்றின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை, சுமையில்லாதபோது உள்ள நீளம்.

முதல் மூன்றும் சேர்ந்து விறைப்பைத் தீர்மானிக்கின்றன. கணக்கு இதுதான்: கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கை எஃகின் முறுக்கு எண்ணான 79,000-ஆல் பெருக்கி, அதை, நடு விட்டத்தின் மூன்றாம் அடுக்கையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் 8-ஐயும் பெருக்கி வருவதால் வகுத்தால், மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்பது கிடைக்கும். எல்லா நீளங்களும் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். நடு விட்டம் என்பது வெளி விட்டத்திலிருந்து ஒரு கம்பித் தடிமனைக் கழித்தால் வருவது.

எடுத்துக்காட்டுக்காக மட்டும் சில எண்களைப் போடுவோம். இவை பத்மினியின் ஆலை அளவுகள் அல்ல. கம்பி 13 மி.மீ., வெளி விட்டம் 113 மி.மீ., ஆகவே நடு விட்டம் 100 மி.மீ., வேலை செய்யும் சுற்றுகள் 7 என்றால் விறைப்பு ஏறக்குறைய 40 நியூட்டன். மற்றவை அப்படியே இருக்க, கம்பி மட்டும் 13.5 மி.மீ. ஆனால் அது 47 ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் ஆறில் ஒரு பங்கு விறைப்பைக் கூட்டிவிடுகிறது. அதனால்தான் இந்த அளவைக் கட்டைவிரலால் பார்த்தோ, ஸ்கேலை வைத்தோ எடுக்கக் கூடாது என்கிறேன். லேத் பட்டறையில் வெர்னியர் காலிப்பர் இருக்கும். பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் சுரண்டி, எஃகு தெரிந்த பிறகே வெர்னியரை வைக்க வேண்டும். பூச்சு இரு புறமும் சேர்ந்து 0.2 மி.மீ. தடித்திருந்தால்கூட, 13 மி.மீ. கம்பியில் விறைப்பு 6 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். மூன்று நான்கு இடங்களில் அளந்து, ஒத்துவரும் எண்ணை எடுத்துக்கொள்ளவும்.

சுற்றுகளை எண்ணுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மொத்தச் சுற்றுகள் வேறு, வேலை செய்யும் சுற்றுகள் வேறு. இருக்கையோடு ஒட்டிக் கிடக்கும் முனைப் பகுதி அமுங்குவதில்லை. அது கணக்கில் சேராது. இரு முனைகளும் மூடித் தட்டையாக அரைக்கப்பட்ட காயிலில் மொத்தத்திலிருந்து இரண்டைக் கழிப்பது வழக்கம். முனை அப்படியே வெட்டிவிடப்பட்ட காயிலில், இருக்கையில் பதிந்த தழும்பு எதுவரை இருக்கிறது என்று பார்த்து, அந்த அளவைக் கழிக்க வேண்டும். கால் சுற்று, அரைச் சுற்று என்ற பின்னங்களையும் விடக் கூடாது. சுற்றுகளின் இடைவெளி ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருந்தால், அது அமுங்க அமுங்க விறைப்பேறும் வகை. மேற்சொன்ன கணக்கு அதன் தொடக்க விறைப்பை மட்டுமே தரும்.

முனையைப் பார்த்தால் வெட்டப்பட்ட காயில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆலை முனைகள் இரண்டும் ஒரே மாதிரி நேர்த்தியோடு இருக்கும். வெட்டிய முனையில் கிரைண்டரின் கீறலோ, வாயு ஜுவாலை உருக்கிய பிசிறோ தெரியும். ஜுவாலையால் வெட்டிய காயிலை நான் திரும்பப் பூட்ட மாட்டேன். அந்த முனையை ஒட்டிய பகுதியில் எஃகின் பதம் போயிருக்கும், பிறகொரு நாள் அங்கேயே முறியும்.

நான்காவது அளவான சுமையற்ற நீளம் விறைப்பைப் பற்றி எதையும் சொல்வதில்லை. உயரத்தைப் பற்றிச் சொல்கிறது. ஸ்பிரிங் தளர்ந்துபோயிற்று என்று நாம் சொல்லும்போது நடந்திருப்பது பெரும்பாலும் நீளக் குறைவுதான். கம்பியும் விட்டமும் சுற்றும் மாறாததால் விறைப்பு பழையபடியே இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், தாழ்ந்த வண்டிக்குத் தடித்த கம்பி ஸ்பிரிங் வாங்கிப் போட்டு, பிறகு ஒவ்வொரு குழியிலும் இடுப்பு வலிக்க ஓட்டும் நிலை வராது. இரு காயில்களையும் அருகருகே நிறுத்தி நீளம் பார்க்கவும். ஒன்று குட்டையாகத் தெரிந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

துருவைப் பற்றி நம் மாவட்டத்தில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கரையோர ஊர்களில் நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்று ஆண்டு முழுவதும் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரண்டு பருவமழைகளும் இங்கே பெய்கின்றன. மேற்பரப்பில் சமமாகப் படர்ந்த துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துவிடலாம். நகம் இடறும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் அந்தக் காயிலை ஒதுக்கிவிட வேண்டும், ஏனெனில் முறுக்கு விசை முழுவதும் கம்பியின் மேல்தோலில்தான் அதிகமாக இருக்கிறது. வெடிப்பு அந்தக் குழியிலிருந்தே தொடங்கும்.

பின்பக்கப் பிளேட்டுகள்

பிளேட் ஸ்பிரிங்கில் எண்ணிக்கை, அகலம், தடிமன், வளைவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளவும். இங்கும் தடிமனே அரசன்: ஒரு பிளேட்டின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. 6 மி.மீ. பிளேட் இருந்த இடத்தில் 7 மி.மீ. வைத்தால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல் விறைப்பு உடையது. ஆகவே செட்டில் ஏதேனும் ஒரு பிளேட் மற்றவற்றைவிடத் தடித்திருந்தால் அது வேறு வண்டியிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். அதன் வளைவும் பெரும்பாலும் பொருந்தாமல், நுனி மட்டும் மேல் பிளேட்டை முட்டிக்கொண்டு, நுனி பட்ட இடத்தில் பளபளவென்று தேய்ந்த தடம் தெரியும்.

வளைவை அளக்க, மெயின் பிளேட்டின் இரு முனைகளிலும் உள்ள வளையங்களான கண்களின் நடுமையங்களுக்கிடையே நூல் பிடித்து, பிளேட்டுகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உள்ள இடத்தில் நூலுக்கும் பிளேட்டுக்கும் உள்ள தூரத்தை எடுக்க வேண்டும். இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். சென்டர் போல்ட்டிலிருந்து முன் கண், பின் கண் ஆகியவற்றுக்கு உள்ள தூரங்களையும் தனித்தனியே எழுதவும். இரண்டும் சமமாக இல்லாத செட்டை முன்பின் மாற்றிப் பூட்டினால் சக்கரம் மட்கார்டின் நடுவில் நிற்காது. சென்டர் போல்ட் தேய்ந்தோ முறிந்தோ இருந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம்வரை இரு பக்கமும் அளந்து பார்த்தால் இது வெளிப்படும்.

வளைவு குறைந்த பிளேட்டைக் கொல்லர் பட்டறையில் அடித்து மீண்டும் ஏற்றலாம். குளிர்ந்த நிலையிலேயே, சிறு சிறு அடியாக, ஒவ்வொரு பிளேட்டும் தனக்கு மேலுள்ளதைவிடச் சற்றே கூடுதல் வளைவு பெறும்படி செய்வதுதான் முறை. சென்டர் போல்ட்டை இறுக்கும்போது அந்தச் சிறு இடைவெளி மூடி, பிளேட்டுகள் ஒன்றையொன்று அணைத்துக்கொள்ளும். உலையில் சிவக்கச் சுட்டு வளைத்துத் தந்தால், பிறகு முறையாகப் பதம் வைக்காதவரை, சில மாதங்களில் அது மீண்டும் தட்டையாகிவிடும். வளைவை அளவுக்கு மீறி ஏற்றினாலும் தொல்லைதான்: பிளேட்டின் கண்ணை உடலோடு சேர்க்கும் ஆடும் இணைப்பான ஷாக்கிள் மடங்கி உடலில் முட்டிக்கொண்டால் ஸ்பிரிங் நீள்வதற்கு இடமில்லாமல் பின்புறம் கட்டைவண்டிபோல் குதிக்கும்.

பிளேட்டுகளைப் பிரித்திருக்கும்போதே ஒவ்வொன்றையும் கம்பித் தூரிகையால் தேய்த்துவிடவும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடு சிர்க்கான், கார்னெட் போன்ற கடினமான தாதுக்களும் கலந்திருக்கின்றன. கார்னெட் உலோகத்தைத் தேய்க்கவே விற்கப்படும் பொருள்; கிரீஸில் ஒட்டிய அந்த மணல் பிளேட்டுகளுக்கு நடுவே என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

உயரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்

முன்பக்கத்தில் நினைவில் வைக்க வேண்டியது, ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லை என்பதே. அது, சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் விஷ்போன் கையின் உட்புறத்தில் எங்கோ அமர்ந்திருக்கிறது. கையின் உள் மூட்டிலிருந்து ஸ்பிரிங்கின் மையம்வரை ஒரு முறையும், சக்கரப் பக்க மூட்டுவரை ஒரு முறையும் அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்கவும். அது 0.6 என்று வந்தால், ஸ்பிரிங்கின் கீழ் வைக்கும் 10 மி.மீ. பேக்கிங் சக்கரத்தில் ஏறக்குறைய 17 மி.மீ. உயர்வாகத் தெரியும். விறைப்போ அந்த எண்ணின் இருபடியாகக் குறைகிறது. 40 நியூட்டன் காயில் சக்கரத்தில் 14.4 நியூட்டன் மட்டுமே.

வெட்டுவதைப் பற்றியும் இதே எண்களால் பேசலாம். 7 சுற்றுகள் உடைய நம் எடுத்துக்காட்டுக் காயிலில், சுற்றுக்கு 35 மி.மீ. இடைவெளியும், தாங்கும் சுமை 3,200 நியூட்டனும் என்று கொள்வோம். ஒரு சுற்றை வெட்டினால் நீளம் 35 மி.மீ. குறையும்; விறைப்பு 40-லிருந்து 47 ஆவதால் அமுக்கம் 11 மி.மீ. குறையும், ஆக ஸ்பிரிங்கில் 24 மி.மீ., சக்கரத்தில் 40 மி.மீ. வண்டி இறங்கும். வேகத்தடைக்கு இந்திய சாலைப் பேராயம் 1988-இல் வகுத்த உயரம் 100 மி.மீ. நம் தெருக்களில் ஊரார் தாமாகவே போட்ட மேடுகள் அதைப் பார்த்துக் கட்டப்பட்டவை அல்ல. நாகர்கோவிலிலிருந்து தக்கலைவரை ஒரு முறை போய்வருகிறவர் அந்த 40 மி.மீ.-ஐ விட்டுக்கொடுக்க விரும்புவாரா என்று யோசித்துக்கொள்ளட்டும். உயரம் கூடுதலான கடைச் சரக்கை இறக்கியே தீர வேண்டும் என்றால், கால் சுற்று கால் சுற்றாக, தண்ணீர் ஊற்றிச் சூடேறாமல், கிரைண்டர் தட்டால் மட்டும் வெட்ட வேண்டும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது காயில் இருக்கையை விட்டுக் கழன்றுவிடாது என்பதையும் பார்க்க வேண்டும். சூடுகாட்டிக் காயிலைத் தொய்ய வைக்கும் குறுக்குவழியை எந்த நிலையிலும் ஏற்கக் கூடாது.

உயர்த்துவதற்குப் பேக்கிங் போதும், அதுவும் 10 மி.மீ. வரை. அலுமினியத்தில் லேத்தில் கடைந்ததோ, கடினமான பதப்படுத்திய ரப்பரோ ஏற்றது. ரப்பர் நாட்டில் இருந்துகொண்டு ஷீட்டை வெட்டி வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் புகைபோட்ட ஷீட் பதப்படுத்தாத ரப்பர் என்பதால் சுமையில் நசுங்கிப் பிதுங்கிவிடும். சுற்றுகளுக்கிடையே செருகும் ரப்பர் வளையங்கள் எனக்கு உடன்பாடில்லாதவை. அவை ஒரு சுற்றை முடக்கி, அடுத்த சுற்றின் மேல் பாரத்தைத் தள்ளுவதோடு, உப்புநீரையும் கம்பியோடு சேர்த்துக் கட்டிவைக்கின்றன.

பின்னால், சுமை ஏற்றாதவர் கூடுதல் பிளேட்டை எடுத்துவிடலாம். 5 பிளேட் செட்டில் அதே தடிமனில் ஆறாவது சேர்ந்திருந்தால் விறைப்பு தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கும். எடுத்தபின் வண்டி தாழ்ந்தால் மீதிப் பிளேட்டுகளின் வளைவு போய்விட்டது என்று பொருள்; அதை அடித்து ஏற்றுவதே தீர்வு.

கடைசி இறுக்கம்

இந்த வேலையில் நல்ல பட்டறைகள்கூடத் தவறுகிற இடம் இது. விஷ்போனின் மூட்டிலும் பிளேட்டின் கண்ணிலும் உள்ள ரப்பர் புஷ் சுழல்வதில்லை. முறுகி முறுகித்தான் இடம் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் புஷ் முழுவதும் ஒரு பக்கமாக முறுகி நிற்கும். முதல் சில நாள்கள் அது வண்டியைத் தூக்கிப் பிடிக்கும், உயரம் சரியாகிவிட்டது என்று மகிழ்வோம். பிறகு ரப்பர் கிழிந்து, உயரமும் இறங்கி, தட்டுச் சத்தமும் தொடங்கும். ஆகவே நட்டுகளைக் கையளவு மட்டும் திருகி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, உருட்டி அமர்த்தி, முன்னிருக்கையில் இருவர் உட்கார்ந்திருக்கும்போது கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். பிளேட் செட்டை அச்சோடு கட்டும் பின் யூ போல்ட்டுகளையும் அச்சின் மேல் எடை இருக்கையிலேயே, மூலைக்கு மூலை மாற்றி, இறுக்கவும். கழற்றிய பழைய யூ போல்ட் நீண்டிருக்கும் என்பதால் புதியதே போடுவது நல்லது.

உயரம் மாறினால் அலைன்மென்ட்டும் மாறும். கேம்பரும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) டோவும் (சக்கரங்களின் முன்புறம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) பார்க்காமல் நெடுந்தூரம் ஓட்டினால் டயரின் உள்விளிம்போ வெளிவிளிம்போ தேயும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, முழுதாக ஏறும்போது ஷாக் அப்சார்பர் முட்டிக்கொள்கிறதா, பின்புறம் உயர்ந்ததால், பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிர்கிறதா என்பவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம். ஹெட்லைட்டின் ஒளி எங்கே விழுகிறது என்பதைச் சுவரில் அடித்துச் சரிசெய்யவும்.

ஓட்டிப் பார்க்க மாவட்டத்திலேயே எல்லா வகைச் சாலையும் இருக்கின்றன. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை செல்லும் வளைவுகளில் வண்டி இடதுக்கும் வலதுக்கும் ஒரே மாதிரி சாய்கிறதா என்று கவனிக்கலாம். சாய்வு ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் இரு பக்க ஸ்பிரிங்குகளையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில், தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில், பக்கக்காற்று வண்டியைத் தள்ளும்போது ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்த வேண்டியிருந்தால், பின்புறம் தேவைக்கு மேல் உயர்ந்து நிற்கிறதா என்றும், பிளேட் கண்களின் புஷ் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்று அமர்ந்துகொள்ளும். 500 கிலோமீட்டர் ஆனதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, நான்கு மூலைகளையும் முன்பு அளந்த அதே தரையில் அளந்து, பழைய எண்களுக்கு அருகில் எழுதிவைக்கவும். அலைன்மென்ட்டை இறுதியாகச் செய்ய வேண்டியது இந்த அளவுக்குப் பிறகுதான்.